ஒரு மண்டபம், இரண்டு முகூர்த்தம்

என் கல்யாணம் நடந்தது தொண்ணூற்றெட்டாம் வருஷம், ஆவணி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, திண்டிவனத்தில். அந்தக் கல்யாணத்தை நடத்தியது நானும் ஒரு மீன்காரம்மாவும். அவர் எனக்கு உறவில்லை. கல்யாணத்துக்கு ஏழு வாரம் முன்புவரை நாங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. கோர்ட்டுக்கு எதிரே இருந்த ஒரு டைப்பிங், ஜெராக்ஸ் கடையில் ஆறு வருஷமாக வேலை. அப்பா மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மண்டியில் மூட்டை தூக்கியவர். இடுப்பு விட்டுப்போன பிறகு அதே மண்டியில் ஒரு மூலையில் உட்கார்ந்து சாக்கு தைத்துக்கொண்டிருந்தார். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவார். வீட்டில் மாதம் தவறாமல் வந்தது என் சம்பளம் மட்டும்தான். அதனால் என் கல்யாணச் செலவுக்கு நானேதான் திட்டம் போட வேண்டியிருந்தது. கல்யாணப் பெண்ணே கடை கடையாக ஏறி விலை கேட்கிறாள் என்று எங்கள் தெருவில் பேசத்தான் செய்தார்கள். அப்பாவுக்கு அது வருத்தம். ஆனால் அவரால் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது.

மாப்பிள்ளைக்கு விழுப்புரத்தில் ஒரு பேட்டரி கடையில் வேலை. லாரி, டிராக்டர் பேட்டரிகளைப் பிரித்துச் சரிசெய்து சார்ஜ் ஏற்றுவார். அவருடைய சட்டைகளில் எல்லாம் ஆசிட் தெறித்த சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். பெண் பார்க்க வந்த அன்று ஓட்டை இல்லாத சட்டை ஒன்றை நண்பரிடம் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். தோள் இரண்டும் தொங்கின. அவருக்குத் தாய் தகப்பன் இல்லை. பதினோரு வயதிலிருந்து வளர்த்தது அவருடைய அக்காதான். அன்றைக்குப் பேச வந்தவரும் அந்த அக்காதான். காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்துச் சொன்னார்:

"நகை நட்டு எதுவும் நாங்க கேக்கலிங்க. வண்டி கேக்கல. எந்தம்பிக்கு அப்பா அம்மா இல்ல. அதனால கோயில்ல வச்சு ஏதோ தாலிய கட்டி இட்டுக்கினு வந்துட்டாங்கன்னு நாளைக்கு ஒருத்தரும் பேசக் கூடாது. மண்டபத்துல, மேடையில உக்கார வச்சு, வந்தவங்களுக்கு எலை போட்டு சோறு போடணும். அது ஒன்னுதாங்க."

அப்பா என் பக்கமோ அம்மா பக்கமோ திரும்பாமலேயே, செய்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். அவர்கள் பஸ் ஏறிப் போன பிறகு அம்மா அவரோடு பேசவில்லை. மறுநாள் காலை எனக்குச் சோறு கட்டிக் கொடுக்கும்போது மட்டும், "மண்டபம் எவ்ளோன்னு அந்த மனுசனுக்கு தெரியுமா?" என்று கேட்டார். எனக்கும் தெரியாது. எங்கள் காலனியில் அதுவரை நடந்த கல்யாணம் எல்லாம் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்ததுதான்.

கடையில் வீணான ஜெராக்ஸ் தாள்களின் வெற்றுப் பக்கத்தில் செலவுகளை எழுதிப் பார்த்தேன். வீடியோவை முதல் நாளே அடித்துவிட்டேன். போட்டோவுக்கு ஒரே ஒரு ரோல். பத்திரிகை அச்சடிக்க வேண்டாம், நானே டைப் செய்து மஞ்சள் தாளில் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். தாள் விலையை மட்டும் கொடு, மிஷின் ஓடுவதற்கு வேண்டாம் என்று கடை முதலாளி சொன்னார். தாம்பூலத்தில் தேங்காய்க்குப் பதில் எலுமிச்சம்பழம் என்று எழுதினேன். அதற்கு அம்மாவோடு இரண்டு நாள் சண்டை. இப்படி எல்லாவற்றையும் குறைக்க முடிந்தது. மண்டப வாடகையை மட்டும் குறைக்க வழி தெரியவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மண்டபம் மண்டபமாகப் போனேன். முதல் மண்டபத்தில் வாடகையைக் கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இரண்டாவதில் ஆவணி நாள் எல்லாம் போன வருஷமே போய்விட்டது என்றார்கள். மூன்றாவதில் ஊர் எது என்று கேட்டார்கள். ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். பிறகு நாள் எதுவும் காலியில்லை என்றார்கள். நான்காவது மண்டபம் மரக்காணம் ரோட்டில் இருந்தது. சின்னது. சாப்பாட்டுக் கூடத்துக்கு மேலே சிமெண்ட் ஷீட். அங்கேதான் மீன்காரம்மாவைப் பார்த்தேன்.

அவரை மார்க்கெட்டில் பார்த்திருக்கிறேன். காலையில் மரக்காணம் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் கூடையோடு வந்து இறங்கும் பெண்களில் ஒருவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். மண்டப மேனேஜருக்கு எதிரே நின்றுகொண்டு, கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். மகள் கல்யாணத்துக்குப் பதிவு செய்தாராம். மூன்று வருஷத்துக்கு முன் புருஷன் கடலில் போய்விட்டார். மீதி வாடகையைப் புரட்ட முடியவில்லை. அட்வான்ஸ் திரும்பாது என்று ரசீதிலேயே எழுதியிருக்கிறதே என்று மேனேஜர் காட்டினார். அந்த அம்மா ரசீதை வாங்கி, படிக்கத் தெரிந்தவர்போலக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனார். அவர் சொன்ன தேதி என் காதில் விழுந்திருந்தது. எங்களுக்குக் குறித்துக் கொடுத்த அதே வெள்ளிக்கிழமை.

மேனேஜரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அம்மா பின்னாலேயே வெளியே வந்தேன். அவர் படியில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். என்ன சொன்னேன் என்று இப்போது வரிசையாக நினைவில்லை. எனக்கும் அதே நாளில்தான் கல்யாணம் என்றும், அன்றைக்கு விடிகாலை நாலரையிலிருந்து ஆறு ஒரு முகூர்த்தம், ஒன்பதிலிருந்து பத்தரை இன்னொரு முகூர்த்தம் இருக்கிறது என்றும், வாடகையை ஆளுக்குப் பாதியாகக் கொடுத்து ஒரே மண்டபத்தில் இரண்டு கல்யாணத்தையும் நடத்தினால் என்ன என்றும் கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ யாரு வூட்டுப் பொண்ணு? எந்த ஊரு?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன். பின்னால் தெரிந்து சங்கடப்படுவதைவிட முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது என்று, காலனி என்பதையும் நானே சொன்னேன்.

"அத யாரு கேட்டா? ஊருல இருந்து எத்தினி பேரு வருவாங்கன்னு தெரியணுமில்ல? அத்தினி பேருக்கும் சோத்துக்கு ஒலை வைக்கணுமே," என்றார்.

இருநூறு பேர் என்றேன். அவர் பக்கம் இரண்டு வேனில் அடங்குகிற கூட்டம்தான் என்றார். ஊரில் வைத்தால் கடலோரத்து முறைப்படி ஊருக்கே சோறு போட வேண்டும், அதனால்தான் திண்டிவனத்துக்கு வந்தேன் என்று அவர் விளக்கியபோது, அவரும் என்னைப்போலக் கணக்குப் போட்டுத்தான் ஒவ்வொன்றையும் செய்கிறார் என்று தெரிந்தது. எழுந்து புடவையை உதறிக்கொண்டு என் கையைப் பிடித்தார். இருவரும் மறுபடி உள்ளே போனோம்.

மேனேஜர் முதலில் சம்மதிக்கவில்லை. இரண்டு கல்யாணம் என்றால் இரண்டு வாடகை என்றார். "ரூம்பு ரெண்டு கீது. மேடை ஒன்னு. நாங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துலயா அதுல ஏறப் போறோம்?" என்று மீன்காரம்மா கேட்டார். கழுவி விடுவதற்கு இரண்டு தடவை ஆள் வைக்க வேண்டுமே என்று மேனேஜர் இழுத்தார். அவர் மேஜைமேல் ரசீதுப் புத்தகமும், கையால் எழுதி ஒட்டிய விதிமுறைத் தாளும் கிடந்தன. எழுத்து அழிந்துபோயிருந்தது. அதை டைப் அடித்து இருநூறு பிரதி ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன், கழுவும் கூலியை விட்டுவிடுங்கள் என்றேன். அவர் அந்தத் தாளை எடுத்து என்னிடம் கொடுத்தார். பிறகு, நோட்டில் அந்த வெள்ளிக்கிழமைக்கு எதிரே என் பெயரையும் எழுதிக்கொண்டார்.

அன்றிலிருந்து மீன்காரம்மா தினமும் மதியம், கூடை காலியானதும் எங்கள் கடைக்கு வந்துவிடுவார். கடைப் படியில் உட்கார்ந்துதான் இரண்டு கல்யாணத்தையும் பேசினோம். முதலாளி ஆரம்பத்தில் மூக்கைச் சுளித்தார். இரண்டாவது வாரத்திலிருந்து அவருக்கு வேண்டிய சங்கரா மீனை அந்த அம்மா தனியாக எடுத்து வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குப் பிறகு டீ சொல்லும்போது அவருக்கும் சேர்த்துச் சொன்னார்.

சமையல்காரர் ஒருவர். மேளக்காரர்கள் ஒரே குழு. மேடைக்கு ஒரே ஜோடனை, பூமாலை மட்டும் தனித்தனி. வாழைமரம் இரண்டு. காய்கறிக்கு அவரே மார்க்கெட்டில் சொல்லி வைத்தார். அங்கே அவருக்குத் தெரியாத கடை இல்லை. சாப்பாட்டில் வடையை எடுத்துவிடலாம் என்று நான் சொன்னபோதுதான் அவர் ஒரே ஒரு தடவை கோபப்பட்டார். வடை இல்லாத கல்யாணத்தில் சாப்பிட்டவன் பத்து வருஷத்துக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பான், வேண்டுமானால் ஒரு பொரியலை எடு என்றார். எடுத்தேன். நகைக்கும் அவரே வழி சொன்னார். கல்யாணப் பெண்ணுக்குப் போடும் கவரிங் செட் வாடகைக்குக் கிடைக்கும், ஒரு நாள் வாடகை. விடிகாலையில் நீ போட்டுக்கொள், ஒன்பது மணிக்கு என் மகள் போட்டுக்கொள்ளட்டும் என்றார்.

இனி விழுப்புரத்துக்குச் சொல்ல வேண்டும். மண்டபத்தில் நம் கல்யாணம் மட்டும் இல்லை என்பதைப் பத்திரிகையைப் பார்த்தோ, பிறர் சொல்லியோ அவர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். கல்யாணத்துக்கு முன் பெண் தனியாக மாப்பிள்ளை ஊருக்குப் போவது கேள்விப்படாத விஷயம். அம்மாவிடம், கடைக்கு டைப்ரைட்டர் ரிப்பன் வாங்கப் போகிறேன் என்று பொய் சொன்னேன்.

பேட்டரி கடையில் அவர் என்னைப் பார்த்ததும் பயந்துவிட்டார். கல்யாணத்தை நிறுத்தச் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்தாராம். பிறகு பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார். நான் விஷயத்தைச் சொன்னேன். ரப்பர் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "நல்ல யோசனதான். அக்காகிட்ட நா சொல்லிக்கிறேன்," என்றார். இல்லை, நானே சொல்கிறேன் என்றேன். கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு என்னை வீட்டுக்குக் கூட்டிப் போனார். வழி முழுக்க எனக்கு முன்னால் நாலு அடி தள்ளித்தான் நடந்தார்.

அக்கா முழுவதையும் கேட்டார். "வாசல்ல யாரு பேரு போட்டிருக்கும்?" என்று கேட்டார்.

"ரெண்டு ஜோடி பேரும் இருக்கும் அண்ணி."

"யாரு பேரு மேல இருக்கும்?"

"உங்க தம்பி பேரு," என்று சொல்லிவிட்டேன். மீன்காரம்மாவிடம் அதைப் பற்றி நான் கேட்டிருக்கவேயில்லை.

அண்ணி உள்ளே போய் எனக்குச் சாப்பாடு போட்டார். அதுதான் அவருடைய பதில். திங்கட்கிழமை மீன்காரம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "மேல எழுதிக்கோ. வாசல்ல நொழையறவனுக்கு கீழ கீறதுதான் நேரா தெரியும்," என்று சிரித்தார்.

வியாழக்கிழமை மத்தியானமே இரண்டு வீட்டாரும் மண்டபத்துக்கு வந்துவிட்டோம். காலனியிலிருந்து என் சித்திமாரும் பக்கத்து வீட்டுப் பெண்களும் சமையல்கட்டில் காய் நறுக்க உட்கார்ந்தார்கள். மாலையில் மீன்காரம்மாவின் கொழுந்தனார் வந்தார். இறந்துபோன அவர் புருஷனின் தம்பி. மனைமேல் பெண்ணுக்கு அப்பா ஸ்தானத்தில் நிற்க வேண்டியவர் அவர்தான். சமையல்கட்டைப் பார்த்தார். நறுக்குகிறவர்கள் எந்த ஊர் என்று சமையல்காரரிடம் விசாரித்தார். பிறகு கூடத்துக்கு வந்து, தங்கள் பக்கத்துக்குத் தனியாக அடுப்பு, தனியாகப் பாத்திரம் வேண்டும், இல்லாவிட்டால் தங்கள் ஆட்கள் கை நனைக்க மாட்டார்கள் என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் தூண் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவின் காதில் விழும்படி சொன்னார்.

அப்பா எழுந்துகொண்டார். கோபக்காரர் இல்லை அவர். என்னைக் கூப்பிட்டு, "நம்ம அரிசி பருப்ப பிரிச்சு எடுத்துக்கலாம்மா. வாசல்ல அடுப்பு போட்டுக்கலாம்," என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார். மண்டபம், மேடை, இலை என்று நான் ஓடியதெல்லாம் வாசலில் அடுப்பு வைப்பதில் வந்து நின்றுவிட்டதே என்று இருந்தது.

மீன்காரம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். கொழுந்தனார் முன்னால் போய் நின்றார்.

"இந்த மண்டபத்து வாடகையில பாதி இந்தப் பொண்ணு குடுத்துது. மீதிப் பாதி நா மீனு வித்துக் குடுத்தேன். நீ எவ்ளோ குடுத்த?"

அவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒரே ஒலைதான். அதுல பொங்குறதுதான் சோறு. வேணான்றவங்க பட்டினி கெடக்கட்டும். நாளைக்கு மனையில நீ நிக்கலன்னா நா நிக்கறேன். எம்பொண்ணுதான?"

திரும்பி வந்து மறுபடி தேங்காய் துருவ உட்கார்ந்தார். தன் ஆட்கள் முன்னால் அப்படிப் பேசியது அவருக்கு எளிதாக இருந்திருக்காது. அரிசி பருப்பு பிரிக்கப்படவில்லை. கொழுந்தனாரும் போய்விடவில்லை. வெளியே நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

விடிகாலையில் எனக்கும் அவர் மகளுக்கும் ஒரே அறை. அவளுக்கு இருபத்தொரு வயது. அதிகம் பேசமாட்டாள். என் தலையில் சடை வைத்துப் பூ தைத்தது அவள்தான். நாலே முக்காலுக்கு நான் மேடை ஏறினேன். ஐந்தரைக்குத் தாலி ஏறியது. அண்ணி தம்பியின் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். போட்டோக்காரர் ஒவ்வொரு படத்துக்கும் என்னைக் கேட்டு எடுத்தார். ரோல் ஒன்றுதான் என்று நான் பத்துத் தடவை சொல்லியிருந்தேன்.

இறங்கியதும் அறைக்குள் கூட்டிப் போய் என் கழுத்து, காது, இடுப்பு என்று எல்லாவற்றையும் கழற்றினார்கள். ஒட்டியாணத்தின் திருகு மட்டும் கழலவில்லை. மீன்காரம்மா தேங்காய் எண்ணெய் விட்டுத் திருகிக் கழற்றினார். அந்த நகையை நான் அவளுக்குப் போட்டுவிட்டேன்.

"அக்கா, தாலி கட்டும்போது தலைய எவ்ளோ குனியணும்?" என்று கேட்டாள்.

கல்யாணமாகி மூன்று மணி நேரம்கூட ஆகாத நான் பெரிய அனுபவசாலிபோல அவளுக்குக் குனிந்து காட்டினேன். இருவரும் சிரித்தோம். அவள் பயம் தெளிந்ததுபோல் இருந்தது.

எட்டரைக்குள் எங்கள் பக்கத்தார் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். பொங்கல், இட்லி, கேசரி, வடை. வேலைக்குப் போக வேண்டியவர்கள் தாம்பூலம் வாங்கிக்கொண்டு கிளம்ப ஆரம்பித்தார்கள். ஒன்பது மணிக்கு மீன்காரம்மா அடிக்கடி வாசலுக்குப் போய்ப் பார்ப்பது தெரிந்தது. ஊரிலிருந்து வர வேண்டிய இரண்டு வேனும் வரவில்லை. ஒன்று பிரம்மதேசம் தாண்டிப் பழுதாகி நின்றுவிட்டது, அதன் ஆட்களை விட்டுவிட்டு வர மனமில்லாமல் மற்றதும் அங்கேயே நிற்கிறது என்று பஸ்ஸில் வந்த ஒருவர் தகவல் சொன்னார். இரண்டாவது மாப்பிள்ளையின் வீட்டார் முதல் நாள் இரவே வந்து மேடையருகே உட்கார்ந்திருந்தார்கள். பெண் வீட்டார் பக்கம் வெறும் நாற்காலிகள். மாப்பிள்ளையின் அம்மா அந்த நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்ணுக்கு ஆள் இல்லையோ என்று அவர் நினைப்பது முகத்தில் தெரிந்தது. மீன்காரம்மா அதையும் பார்த்தார். மகள் இருந்த அறை வாசலில் போய் நின்றுகொண்டார்.

அப்போது அப்பா செய்ததை நான் எத்தனை வருஷமானாலும் மறக்க மாட்டேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கிளம்பியவர்களையும், ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்களையும் கூப்பிட்டார். "இன்னொரு கல்யாணம் பாக்கி கீது. அதுவும் நம்ம வூட்டுக் கல்யாணம்தான். வந்து உக்காருங்க," என்றார். ஒரு நாள் கூலி போய்விடும் என்று சிலர் தயங்கினார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார். வந்தார்கள். என் சித்திகள் வந்தார்கள். மண்டியில் அப்பாவோடு மூட்டை தூக்கியவர்கள் தோளில் துண்டோடு வந்தார்கள். அண்ணி தன் விழுப்புரத்து ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். நாற்காலி நிறைந்து, பின்னால் நின்றார்கள்.

கொழுந்தனார் மனையில் நின்றார். அட்சதைத் தட்டை யார் எடுத்துப் போவது என்று ஒரு கணம் எல்லோரும் பார்த்தார்கள். என் அம்மா எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போனார். ஒன்பதே முக்காலுக்கு மேளம் கொட்டியது. நான் சொல்லிக்கொடுத்தபடியே அவள் தலையைக் குனிந்தாள்.

வேன்கள் பத்தரைக்கு வந்து சேர்ந்தன. தாலி கட்டுவதைப் பார்க்க முடியவில்லையே என்று கடலோரத்துப் பெண்கள் அங்கலாய்த்தார்கள். பிறகு சாப்பாட்டுக் கூடத்தில் யார் யார் பக்கத்து ஆள் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி கலந்து உட்கார்ந்தார்கள். எங்கள் ஆட்களில் பலர் இரண்டாவது முறையாகச் சாப்பிட்டார்கள். கொழுந்தனார் எந்தப் பந்தியில் சாப்பிட்டார், சாப்பிட்டாரா என்பதையெல்லாம் நான் கவனிக்கவில்லை. கிளம்பும்போது அப்பாவிடம் வந்து, "வர்றேன் பெரியவரே," என்று சொல்லிக்கொண்டு போனதாக அப்பா சொன்னார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் மாறினார் என்று நான் சொல்ல முடியாது. தெரியாது.

மாலையில் விழுப்புரம் பஸ்ஸில் எனக்கும் அண்ணிக்கும் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைத்தது. விக்கிரவாண்டி தாண்டும்வரை அவர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "கூட்டம் நல்ல கூட்டம்மா," என்றார். அதில் ஒரு பகுதி நாங்கள் கூப்பிடாதவர்கள் என்பது அவருக்கும் தெரியும்.

கல்யாணத்துக்குப் பிறகும் அதே கடைக்குத்தான் தினமும் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் போய்வந்தேன். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. மீன்காரம்மா மதியம் படியில் வந்து உட்காருவது நிற்கவில்லை. என் மகள் பிறந்தபோது, பால் ஊறும் என்று வாரம் இரண்டு தடவை சுறாக்குட்டியைச் சுத்தம் செய்து வாழை இலையில் கட்டி, விழுப்புரம் போகும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். என் வீட்டுக்காரர் பஸ் நிலையத்தில் நின்று வாங்கி வருவார். சுனாமி வந்த மறுநாள் எங்களுக்கு முன்னால் புடவைகளையும் பாத்திரங்களையும் மூட்டை கட்டி வைத்துக்கொண்டு நின்றது அண்ணிதான். மூன்று பேரும் போனோம். மீன்காரம்மா வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்து வடிந்திருந்தது. ஆட்கள் தப்பித்திருந்தார்கள். அண்ணியும் அவரும் பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா இரண்டாயிரத்துப் பதினொன்றில் இறந்துபோனார். நான் யாருக்கும் போன் செய்யும் நிலையில் இல்லை. யார் சொன்னார்களோ, விடிந்த சிறிது நேரத்தில் மீன்காரம்மா காலனிக்குள் நடந்து வந்தார். அதற்கு முந்திய வருஷமே முழங்கால் வலியால் கூடை தூக்குவதை விட்டிருந்தார். மகள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பெண்கள் நகர்ந்து அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். சாயந்திரம் எடுக்கும்வரை அங்கேயே இருந்தார். எங்கள் வீட்டு டம்ளரில் டீ குடித்தார். அம்மாவுக்கும் வற்புறுத்திக் குடிக்கக் கொடுத்தார். அவர் மகள் என் பின்னாலேயே நின்று, வந்தவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எடுத்த பிறகு வீடு கழுவினோம். கடைசி பஸ் போய்விடும் என்று அவர்களைக் கிளம்பச் சொன்னேன். மீன்காரம்மா போகவில்லை. "இன்னிக்கு உங்கம்மா தனியா படுக்கக் கூடாது," என்று சொல்லி, அம்மாவுக்குப் பக்கத்தில் பாயை விரித்துக்கொண்டார்.